முள்வால் பல்லிக்குக் கீழே என்ன போடுவது

கால்நடைக் கம்பவுண்டர்கள் சங்கத்து மலருக்குக் கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த இரண்டு பேரும், நான் வெக்கை நோயைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷ வேலையில் மாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்த ஊர்களைப் பார்த்தவன் நான். ஊசி போட விடாமல் கம்பை எடுத்துக்கொண்டு விரட்டியவர்களும் உண்டு. அதையெல்லாம் எழுதலாம். ஆனால் "உங்க சர்வீஸ்ல மறக்கவே முடியாத ஒரு கேஸ் எழுதுங்க ஐயா" என்று அவர்கள் சொன்னதும் என் மனதில் வந்து நின்றது மாடு அல்ல, பல்லி. சொன்னேன். வந்தவர்களில் இளையவர் சிரித்துவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. அன்றைக்கு நானும் சிரித்தவன்தான்.

என் ஊர் நாசரேத். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு, சென்னையில் ஒரு வருஷம் மருந்து கலக்கவும், கட்டுப் போடவும், முரட்டுக் காளையைக் கயிறு போட்டுச் சாய்க்கவும் பழகிக்கொண்டு தூத்துக்குடிக்கு வேலைக்கு வந்தேன். ஜனங்கள் எங்கள் இடத்தை மாட்டாஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் பஞ்சு மூட்டையும் உப்பு மூட்டையும் இழுக்கிற வண்டிமாடுகள்தான் வரும். கழுத்துப் புண், லாடம் ஏறிய கால், வயிற்று உப்புசம். இதையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பத்து வருஷத்தில் எனக்கு ஒரு நினைப்பு வந்துவிட்டது, எனக்குத் தெரியாத நோய் இல்லை என்று.

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்களுக்குப் புது டாக்டர் வந்தார். பெயர் ஸ்ரீனிவாசன். தாமிரபரணிக் கரையில் ஒரு கோயில் ஊர், வைஷ்ணவக் குடும்பம். என்னைவிட எட்டு வயது இளையவர். மாட்டு வயிற்றுக்குள் கை விடுகிற படிப்பைப் படித்ததற்காக அவருடைய தகப்பனார் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். அதை அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. பொதுவாகவே அதிகம் பேசமாட்டார். கத்தி, கத்தரி, ஊசி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டெடுத்து வெள்ளைத் துணியில் ஒரே வரிசையில் அடுக்குவார். கார்பாலிக் சோப்பால் முழங்கை வரை மூன்று தடவை கழுவுவார். மாட்டைத் தொடுவதற்கு முன்னால் மாட்டுக்காரனிடம் பேசுவார். அவன் தரையில் குந்தியிருந்தால் இவரும் குந்திக்கொள்வார்.

எரிச்சலூட்டிய பழக்கமும் ஒன்று உண்டு. நான், "சார், இதுக்கு உப்புசம்" என்பேன். "மிஸ்டர் தேவசகாயம், முதல்ல பார்த்ததைச் சொல்லுங்க. நினைச்சதை அப்புறம் சொல்லலாம்" என்பார். இடது விலா மேலேறியிருக்கிறது, அசை போடவில்லை, சாணி போட்டு ஒரு நாள் ஆகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கடைசியில் அதுவும் உப்புசமாகத்தான் இருக்கும். எதற்கு இந்தச் சுற்றுவழி என்று எனக்கு இருக்கும்.

அந்த ஐப்பசியில் டாக்டர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தடுப்பு ஊசி முகாமுக்குப் போயிருந்தார். நான் தனியாக இருந்தேன். முதல் நாள் பெய்த மழையில் ஆஸ்பத்திரி முற்றம் சகதியாகக் கிடந்தது. தோள் கிழிந்த ஒரு காளைக்குத் தையல் போட ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். மைதீன், துறைமுகத்துக்குப் போகிற வழியில் கயிற்றுக்கடை வைத்திருப்பவர், காயல்பட்டினத்துக்காரர். மற்றவர் அவருடைய மனைவியின் அண்ணன் சுலைமான். மைதீன்தான் பேசினார்.

"மச்சான் கப்பல்ல சுக்கான் பிடிக்கிற சுக்காணியா இருந்தாஹ கம்பவுண்டரே. யுத்தத்துல கப்பல் தீப்பிடிச்சிடுச்சு. பஸ்ராவுல ஒரு வருஷம் ஆஸ்பத்திரில கிடந்துட்டு இப்பத்தான் வந்திருக்காஹ."

சுலைமானின் இரண்டு கைகளிலும் தோல் சுருங்கி, விரல்கள் பாதி மடங்கியே இருந்தன. அந்தக் கைகளால் ஒரு பிஸ்கட் பெட்டியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். திறந்து காட்டினார். உள்ளே மூன்று பல்லிகள். பல்லி என்றால் வீட்டுச் சுவர்ப் பல்லி அல்ல. ஒவ்வொன்றும் முழங்கை நீளம். மண் நிறம், ஆமைக்கு இருப்பதுபோல் மழுங்கின முகம். வால் முழுக்க வளையம் வளையமாக முள். பாலைவனத்துப் பிராணி, கீரையும் பயறும் மட்டுமே தின்னும், யாரையும் கடிக்காது என்று மைதீன் சொன்னார். ஆஸ்பத்திரியில் தரை கூட்டுகிற அரபிக் கிழவர் ஒருவர் குட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்ததாம்.

"இதுங்க பெட்டியில போட்டிருந்த மண்ணு மழைல நனைஞ்சு நாறுது. மாத்தணும். கீழ என்ன போடலாம்னு கேக்க வந்தோம்" என்றார் மைதீன்.

அப்போதுதான் நான் சிரித்தேன். "பாலைவனத்துப் பிராணிக்கு வேற என்னத்தப் போடுவிய? மணலத்தான் போடணும். நம்ம ஊருல மணலுக்கா பஞ்சம்? கடற்கரைல போயி அள்ளி, நல்ல தண்ணில அலசி, காய வச்சுப் போடுங்க. சின்னச் சின்னச் சிப்பித் துண்டு கிடந்தாலும் எடுக்க வேண்டாம். வெள்ளையா, பாக்க நல்லாருக்கும்."

சுலைமான் என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போல் இருந்தது. அதற்குள் காளை கட்டுத்தறியை உதைத்தது. நான் ஊசியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர்கள் போய்விட்டார்கள். டாக்டர் வந்தபிறகு இதை அவரிடம் சொல்லவும் இல்லை. சொல்லும்படியான ஒரு சங்கதியாகவே எனக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து மைதீன் ஓர் ஓலைப்பெட்டியோடு தனியாக வந்தார். அன்று டாக்டர் இருந்தார். பெட்டியில் பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. மூன்றிலும் சிறியது.

"மச்சான் இதுங்களுக்குப் பேரெல்லாம் வைக்கல டாக்டர். பெரியவன், நடுவுலவன், சின்னவன்னு கூப்பிடுவாஹ. இது சின்னவன். நாலு நாளா இரை எடுக்கல. காலைல பாத்தா விறைச்சுக் கெடக்கு." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "ஊருக்கு வந்ததுலேருந்து மச்சான் யார்கிட்டயும் பேசறதில்ல. பெத்த உம்மா வந்து பாத்துட்டு அழுதுட்டுப் போனாஹ, அவங்ககிட்டயும் பேசல. இதுங்ககிட்ட மட்டுந்தான் உக்காந்து பேசுவாஹ. இன்னைக்கு அதுவும் இல்ல. மத்த ரெண்டும் போயிட்டா என்னாகுமோன்னு பயமாருக்கு."

டாக்டர் மைதீனை வெளியே நிழலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பல்லியை மேஜைமேல் மல்லாத்தினார். மாட்டுக்கு விரிக்கிற அதே வெள்ளைத் துணி, அதே வரிசை. "இந்த ஜாதியை நான் தொட்டதே இல்லை. மெதுவாப் போவோம்" என்று சொல்லி, தாடைக்குக் கீழிருந்து வால் தொடங்குகிற இடம் வரை ஒரே கோடாகத் தோலைத் திறந்தார். ஈரல் சரியாக இருந்தது. நுரையீரல் சரியாக இருந்தது. குடலைத் தொட்டவர் கையை நிறுத்தினார். என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். சுண்ணாம்புக் காரையை அடைத்துக் காயவிட்ட குழாய்போல் இருந்தது. வெட்டினால் கத்தி கிறீச்சிட்டது.

உள்ளே இருந்ததை ஒரு பீங்கான் தட்டில் வழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினார். அடியில் மணல் தங்கியது. மணலுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள். இடுக்கியால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தார்.

"சுண்ணாம்புச் சத்துக்காக இந்தச் சிப்பியைத் தேடித் தின்னிருக்கு. அதோட மணலும் போயிருக்கு. நனைஞ்ச கீரையில ஒட்டினதும் போயிருக்கும்" என்றார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். "கடல் மணல். இதை யார் போடச் சொன்னது?"

வெளியே மைதீனின் செருப்புச் சத்தம் கேட்டது.

"அவங்களாப் போட்டிருப்பாங்க சார்" என்றேன்.

டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். தட்டைக் கழுவினார், கையைக் கழுவினார், மூன்று தடவை. "மத்த ரெண்டையும் போய்ப் பார்க்கணும். நீங்களும் வாங்க" என்றார்.

கயிற்றுக்கடைக்கு அரை மைல் நடை. அந்த அரை மைலில் நான் யோசித்ததை எழுதினால் என்மேல் யாருக்கும் மதிப்பு வராது. சுலைமான் என்னைக் காட்டிக்கொடுப்பார், அப்போது 'நான் சொன்னது வேறு மணல், அலசாமல் போட்டிருக்கிறார்கள்' என்று எப்படித் திருப்புவது என்று ஜோடித்துக்கொண்டே போனேன்.

கடைக்குப் பின்னால், கயிற்றுக் கட்டுகள் அடுக்கிய கிட்டங்கியை ஒட்டி ஓர் அறை. சன்னலிலிருந்து வெயில் விழுகிற இடத்தில், பழைய கள்ளிப்பெட்டிப் பலகைகளால் முழங்கால் உயரத்துக்கு அடைத்த தொட்டி. அதில் நான் சொன்ன மணல், சொன்னபடியே அலசிக் காயவைத்தது, பால் போல வெள்ளை. அப்படியும் கடற்காற்றில் உப்பு பூத்து, கையால் தொட்டால் பிசுபிசுத்தது. பெரியவன் வெயிலில் கிடந்தான். நடுவுலவன் ஓர் ஓரமாக, வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, பின்னங்கால்களை இழுத்தபடி கிடந்தான். சுலைமான் தரையில் உட்கார்ந்திருந்தார். டாக்டரும் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"சின்னவன் வயித்துல மணல் அடைச்சிருந்தது. கடல் மணல். இங்க யார் போட்டது?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

சுலைமான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அது இல்லை. நான் நிற்கிற நிலையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான் போட்டேன்" என்றார்.

மைதீன் ஏதோ சொல்ல வந்தார். சுலைமான் அந்தச் சுருங்கின கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டார்.

அங்கேயே விட்டிருந்தால் என் பொய் நிலைத்திருக்கும். அதற்குப் பிறகு பத்து நிமிஷம் நின்றேனா, பத்து விநாடி நின்றேனா என்று தெரியவில்லை. "சார், நாந்தான் போடச் சொன்னேன்" என்று என் குரல் எனக்கே கேட்டது. "நீங்க முகாமுக்குப் போயிருந்தப்ப வந்து கேட்டாங்க. பாலைவனம்னா மணல்தானேன்னு சொல்லிட்டேன். சிப்பியும் கெடக்கட்டும்னு நாந்தான் சொன்னேன். காலைல உங்ககிட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "சரி. இப்ப அது நமக்குத் தெரியுது. இனி என்ன செய்யலாம்னு பார்ப்போம்" என்றார். பிறகு சுலைமானிடம் திரும்பி, நான் முதல் நாள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"பஸ்ராவில் இது எந்த மாதிரித் தரையில் இருந்தது? நீங்க பார்த்திருக்கீங்களா?"

சுலைமான் சன்னல் பக்கம் பார்த்தார். பிறகு பேசினார். மைதீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன்.

"மணல்ல இல்ல டாக்டர். அந்தப் பக்கம் மணல் மேடு உண்டு, ஆனா இது அங்க இருக்காது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால ஒரு பொட்டல். களிமண்ணு காஞ்சு கல்லா இறுகிக் கெடக்கும். கடப்பாரை போட்டா தெறிக்கும். அதுல சாய்வா குழி பறிச்சு உள்ள போயி இருக்கும். நான் கைல கட்டுப் போட்டுக்கிட்டு சன்னல்லேருந்து அதத்தான் பாத்துக்கிட்டு கெடப்பேன். காலைல வெயில் வந்ததும் தலைய மட்டும் வெளிய நீட்டும். வெயில் சுட்டாத்தான் மிச்ச உடம்பு வரும்."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரிக்காரவுஹ சொல்லும்போது நம்ம என்ன சொல்றதுன்னு இருந்துட்டேன்" என்றார்.

தொட்டியிலிருந்த மணலை அப்போதே அள்ளிக் கொட்டிவிட்டு, பெரியவனை வெறும் தரையில் விட்டுவிட்டு, நடுவுலவனை நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டருக்கும் வைத்தியம் தெரியாது. அதை அவர் ஒளிக்கவில்லை. "மணல் காட்டில் மேயற குதிரைக்கு வயித்துல மணல் சேர்ந்து வலி வரும்னு படிச்சிருக்கேன். அதுக்குச் செய்யறதை இதுக்குச் சின்னதாச் செய்வோம். பிழைக்கும்னு சொல்ல முடியாது" என்று சுலைமானிடம் நேராகச் சொன்னார்.

முதல் காரியமாக அதன் கீழே எதையும் தூவாமல் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் பதிக்கிற தட்டு ஓடுகள் நான்கை வெந்நீரில் தேய்த்துக் கழுவி, வெயிலில் சூடேற்றி, ஒரு பெட்டியில் இடைவெளி இல்லாமல் பரப்பினோம். சாக்குத் துணி விரிக்கலாம் என்றேன். டாக்டர் ஒரு சாக்கை எடுத்து என் விரல் நகத்தில் உரசிக் காட்டினார். நூல் மாட்டி இழுத்தது. நகம் நீண்ட பிராணிக்கு அது ஆகாது. தட்டோட்டில் நழுவுமோ என்று பார்த்தோம், நழுவவில்லை. மேல்பக்கம் சொரசொரப்பாக இருந்ததால் கால் நன்றாகப் பிடித்தது.

காலையும் மாலையும் ஓர் எனாமல் பேசின் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், முழங்கை வைத்துப் பார்த்த சூடு, அதன் தோள் வரைக்கும். கால் மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். தலை தண்ணீருக்குள் போகாமல் தாடைக்கு ஒரு கை தாங்கல். பிறகு கட்டைவிரலால் வயிற்றை மார்பிலிருந்து வால் பக்கமாக, ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற அழுத்தத்தில், தடவிவிட வேண்டும். பேனாவுக்கு மை நிரப்புகிற கண்ணாடிக் குழாயின் முனையில் சைக்கிள் வால்வு ரப்பரை மாட்டி, வாயோரத்தில் ஐந்து சொட்டு லிக்விட் பாரஃபின், குடலை வழவழப்பாக்க. இரை கிடையாது. மூன்றாம் நாளிலிருந்து வெள்ளரிக்காயை அரைத்து ஒரு துளி.

சுலைமான் தினமும் வந்தார். தாடையைத் தாங்குகிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். பாதி மடங்கின அந்த விரல்கள் அதற்கென்றே வளைத்துச் செய்தாற்போல் அதன் தாடைக்கடியில் பொருந்தின. நான் வயிற்றைத் தடவுவேன். இரண்டு பேரும் ஒரு பேசினுக்கு மேல் குனிந்துகொண்டு கால் மணி நேரம் இருக்கும்போது எத்தனை நாள் பேசாமல் இருக்க முடியும்? நான்காம் நாள் அவராகவே கப்பலைப் பற்றிச் சொன்னார். எரிகிற கதவின் இரும்புத் தாழ்ப்பாளைக் கையால் தள்ளித் திறந்ததைச் சொன்னார். உள்ளே ஆறு பேர் இருந்தார்கள், நான்கு பேர் வெளியே வந்தார்கள் என்றார். நான் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

ஐந்தாம் நாளும் ஒன்றும் இறங்கவில்லை. நடுவுலவனின் கண்கள் உள்ளே போய்விட்டன. ஆறாம் நாள் காலை அதைத் தூக்கியபோது கழுத்து தொங்கியது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். "துடிக்குது. நிறுத்த வேண்டாம்" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். என் மனைவி ரோஸம்மா, "ஒரு ஓணானுக்கா இந்தப் பாடு?" என்றாள். சங்கதியை அப்போதுதான் அவளிடம் சொன்னேன், பொய் சொன்னது உட்பட. கேட்டுவிட்டு, "அப்ப ஜெபம் பண்ணும்" என்று மட்டும் சொன்னாள். பண்ணினேன்.

ஏழாம் நாள் மாலை, பேசினில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கும்போது என் கட்டைவிரலுக்கடியில் ஏதோ நகர்ந்தது. நடுவுலவன் உடும்பு சீறுவது போல் ஒரு மூச்சு விட்டான். தண்ணீரின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. சுலைமான் கையை எடுக்காமலே, "டாக்டர்" என்று கூப்பிட்டார். டாக்டர் வந்து கட்டியை எடுத்துத் தட்டில் வைத்து நசுக்கினார். மணலும் சிப்பியும். அடுத்த இரண்டு நாளில் மிச்சமும் வந்தது. பத்தாம் நாள் நடுவுலவன் முருங்கை இலையைத் தானாகக் கடித்தான்.

இனி நிரந்தரமாக என்ன தரை போடுவது என்ற கேள்வி இருந்தது. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. மைதீன் தன் கடையிலிருந்து தென்னை நார்த் தூசு கொண்டுவந்தார். இரண்டே நாளில் அது கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துப் பூசணம் பிடித்தது. துறைமுகத்துப் பெட்டிகளில் வருகிற மரத்தூளைப் போட்டுப் பார்த்தோம். பெரியவன் தும்மிக்கொண்டே இருந்தான், கீரையோடு அதையும் விழுங்கப் பார்த்தான். உடன்குடித் தேரி மண்ணை வரவழைத்தோம். சிவப்பாக, மாவு போல அழகான மண். நடந்தால் புழுதி கிளம்பிக் கண்ணை மூடியது. அதுவும் உதிரி மண்தான், இதுவும் வயிற்றுக்குள் போகும் என்றார் டாக்டர்.

முடிவைச் சொன்னது சுலைமான்தான். "தேரி மண்ணுல குளத்துக் களிமண்ணக் கலந்து, தண்ணி விட்டுப் பிசைஞ்சு, திமிசுக் கட்டையால இடிச்சு இறுக்கினா என்ன? அந்தப் பொட்டல் மாதிரி ஆயிடாதா?"

ஆனது. களிமண்ணில் கல்லும் வேரும் இல்லாமல் சலித்து, இரண்டு பங்கு தேரி மண்ணுக்கு ஒரு பங்கு என்று கலந்து, ஒரு முழ ஆழத்துக்கு அடுக்கடுக்காகப் போட்டு இடித்தோம். இடித்தது பெரும்பாலும் நான். ஒரு மூலையில் சாய்வாக ஒரு மூங்கில் குழாயைப் புதைத்து வைத்து, பாதி காய்ந்ததும் உருவி எடுத்தோம், குழிக்கு ஒரு தொடக்கம் இருக்கட்டும் என்று. மார்கழி வெயிலில் காய்வதற்கு மூன்று வாரம் ஆயிற்று. விரலால் கீறிப் பார்த்தால் தூள் வரக்கூடாது, அதுதான் டாக்டர் வைத்த பரீட்சை. சுண்ணாம்புச் சத்துக்கு, கணவாய் ஓடான கடல் நுரையை இடித்துப் பொடியாக்கி ஒரு சிரட்டையில் வைத்தோம். கீரையை நேராகத் தரையில் போடாமல் ஒரு தட்டோட்டின்மேல் வைத்தோம்.

பல்லிகளை அதில் விட்ட நான்காம் நாள் மைதீன் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். குழாய் உருவின ஓட்டையிலிருந்து மண் தூள் வெளியே குவிந்திருந்தது. உள்ளேயிருந்து இரண்டு வால் நுனிகள் தெரிந்தன. முள்ளை வெளியே காட்டிக்கொண்டு தலையை உள்ளே வைத்திருந்தன. மணலில் இருந்த நாளெல்லாம் அவை ஒரு குழி பறித்ததில்லை. உதிரி மணல் சரிந்து மூடும், அவற்றுக்கு அது தெரிந்திருக்கிறது. சுலைமான் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து மைதீனின் கடைக்கு வந்த ஓர் ஆளுக்கு அதைக் காட்டி, அந்தப் பொட்டலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஆள். என்னைப் பார்த்ததும், "வாங்க கம்பவுண்டரே" என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

டாக்டர் இந்தக் கேஸை நோட்டில் எழுதியதைப் பிறகு படித்தேன். என்ன எழுதியிருப்பார் என்று பயந்துகொண்டுதான் புரட்டினேன். 'தவறான தரை போடும்படி இங்கிருந்து ஆலோசனை சொல்லப்பட்டது. அதனால் ஒன்று இறந்தது' என்று இருந்தது. என் பெயர் இல்லை. நான் பேனாவை எடுத்து 'இங்கிருந்து' என்பதற்கு மேலே என் பெயரைச் சிறியதாக எழுதினேன். அடுத்த நாள் அவர் அதைப் பார்த்தார். கோடு போட்டு அடிக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. சித்திரையில் அவருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ரயிலடியில் என் கையைக் குலுக்கினார். எங்கள் காலத்தில் டாக்டர்கள் கம்பவுண்டருக்குக் கை கொடுப்பதில்லை.

ஆடி மாதம் சுலைமானுக்குக் கப்பலில் சாமான் அறையைக் கவனிக்கிற வேலை கிடைத்தது. பிராணிகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை. இரண்டு பல்லிகளையும், கூடவே இறுகின மண்ணை உடையாமல் பாளம் பாளமாகப் பெயர்த்தும், ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"மைதீன் பாத்துக்கிடுவாரே" என்றேன். "எங்கிட்டயா விடுதிய?"

"உங்ககிட்டத்தான். மைதீனுக்கு சந்தேகம் வந்தா யார்கிட்டயாவது கேப்பான். அவுஹ எதையாச்சும் சொல்லுவாஹ. உங்களுக்கு சந்தேகம் வந்தா நீங்க அதுகளப் பாப்பீங்க" என்றார். அதற்குமேல் நான் மறுக்கவில்லை.

இரண்டும் என்னோடு வெகுகாலம் இருந்தன. மாற்றலான ஊர்களுக்கெல்லாம் கூடவே வந்தன. சுலைமான் சில வருஷத்தில் கடலை விட்டுவிட்டுக் கொழும்பில் தங்கிவிட்டார். எங்கிருந்தாலும் கடிதம் போடுவார். பெரியவனை ஒரு கீரிப்பிள்ளை கொண்டுபோனது. கூண்டுக் கதவை ரோஸம்மா மூடவில்லை என்று அவருக்கு எழுதத் தோன்றியது. மூடாமல் விட்டது நான். அப்படியே எழுதினேன்.

நடுவுலவன் பன்னிரண்டாம் வருஷம் ஒரு காலையில் வெயிலில் தலையை நீட்டியபடியே போய்விட்டான். இரண்டு நாளாக இரை குறைந்திருந்தது. வயதாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அது நான் நினைத்தது. கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். வெள்ளைத் துணி விரித்து, தாடையிலிருந்து ஒரே கோடாகத் திறந்தேன். குடலைத் தொட்டேன். மெத்தென்று இருந்தது. நறுக்கிப் பீங்கான் தட்டில் வழித்து, தண்ணீர் ஊற்றி அலசி, தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். முருங்கைக் கீரையின் நரம்பு மட்டும் மிதந்தது.

கொழும்புக்கு அன்றே கடிதம் எழுதினேன். சலாம் எழுதிவிட்டு, அவன் இறந்ததை எழுதிவிட்டு, அடுத்த வரியில் 'அலசிப் பார்த்தேன், அடியில் ஒன்றும் தங்கவில்லை' என்று எழுதினேன்.